வெளிச்சம் கேட்கப் போனவர்

மலைக்கிராமமான லுங்காட்டில் கல்யாணம் வைத்திருப்பவருக்குப் பன்றி வாங்குவதும் மேளக்காரர்களிடம் சொல்லி வைப்பதும் பெரிய வேலையில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை வரும், அதுதான் ஆளை முறிப்பது. வீட்டில் காய்ச்சிய ராக்சிச் சாராயம் ஒரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி வெளிச்சம் கேட்க வேண்டும்.

ஊருக்குக் கீழே ஓடைக்கரையில் இருக்கும் மின்நிலையம் ஒரு மாட்டுக் கொட்டில் அளவுதான். மலையைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தலைகுப்புற இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும். பகலில் அதே சக்கரம் சோளம் அரைக்கும், நெல் குத்தும். பொழுது சாய்ந்தால் எண்பது வீட்டுக்கு விளக்கு. வீட்டுக்கு மூன்று பல்பு, ஒரு டிவி, போனுக்குச் சார்ஜ். அதற்குமேல் யாராவது ஆசைப்பட்டால் ஊர் முழுவதும் மஞ்சளாகிவிடும். ஆகவே ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மற்ற வீடுகள் அன்று சாயங்காலம் தங்கள் விளக்கை அணைத்து, தங்கள் பங்கைக் கல்யாண வீட்டுக்கு விட்டுக்கொடுக்கும். கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர். மனைவியை அனுப்பினால் மரியாதையில்லை. போனில் கேட்டால் அதைவிட மோசம்.

இந்தத் தடவை கேட்க வேண்டியவர், மகள் பினிதாவுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் மைத்தாலால். சிக்கலும் அங்கேதான். மின்நிலையத்தை ஓட்டுகிறவரே அவர்தான். பல வருஷமாக அவர் யார் வீட்டுப் படியேறினாலும் கையில் இருந்தது பாட்டில் இல்லை, கம்பி வெட்டும் பிளையர். ஊரில் விளக்கு மங்கினால், எவன் வீட்டிலோ திருட்டு ஹீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். ஓடைக்கரையிலிருந்து ஏறி வருவார். ஒன்றும் பேசமாட்டார். ஊருக்குப் பொறுக்காதது அதுதான். திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர் ஹீட்டரைப் பார்ப்பார், வீட்டுக்காரரைப் பார்ப்பார், கம்பியை வெட்டுவார், இறங்கிப் போய்விடுவார்.

“எத்தனை வீடு குடுக்கும்னு நினைக்கிற?” என்று மனைவி தில்சராவைக் கேட்டார்.

“நீங்க கம்பி வெட்டாத வீடு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. அத்தனை.”

அவர் எண்ணிப் பார்த்தார். எத்தனை என்று வெளியே சொல்லவில்லை.

மாப்பிள்ளை லால்மன் அன்னியன் இல்லை, அவருடைய அக்கா ஜஸ்மலியின் மகன். மகர் இனத்து வீடுகளில் மாமன் மகளுக்கு அத்தை மகன் என்பது பேசி முடிவு செய்யவே தேவையில்லாத விஷயம். போதாததற்கு அவனுக்கும் பினிதாவுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்தும் போயிருந்தது. மைத்தாலாலுக்குத் தலைவலி மாப்பிள்ளையால் இல்லை, அக்காவால். ஜஸ்மலி வாழ்க்கைப்பட்ட பாக்தாரா ஊருக்கு அரசாங்கத்தின் பெரிய லைன் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் போனை எடுத்தால் வேறு பேச்சில்லை.

“டேய் மைத்தா, இப்ப நான் ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், டிவி மூணையும் ஒண்ணாப் போட்டுட்டு உன்கிட்ட பேசறேன். உன் ஓடை தாங்குமாடா?”

“உங்க ஊர்ல காத்தடிச்சா வாரக்கணக்குல கரண்ட் வராதாமே.”

“வராது. ஆனா வந்தா வந்ததுதான். உன்னோடது மாதிரி கண்ணு சொருகிக்கிட்டே எரியாது. சரி கேளு, கல்யாணத்துக்கு டிஜே கூட்டிட்டு வரோம். ஆளுயர ஸ்பீக்கர். பசங்க ஆடியே ஆகணும்ங்கறானுங்க. உன்னால ஆகாதுன்னா இப்பவே சொல்லிடு, ஜெனரேட்டரைத் தூக்கிட்டு வந்துடறோம். அதுல ஒண்ணும் வெக்கமில்ல.”

மைத்தாலாலின் நினைப்பு வேறெங்கோ போயிற்று. பினிதா பிறந்த வருஷம்தான் அந்தச் சக்கரம் முதல்முதலாகச் சுற்றியது. அவளுடைய முகத்தை மண்ணெண்ணெய்ப் புகையில்லாத வெளிச்சத்தில் பார்த்தவர் அவர். அவள் கல்யாணத்தில், அவர் வீட்டு முற்றத்தில், அக்கா கொண்டுவந்த டீசல் புகைந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் எல்லாம் அதைச் சுற்றி நிற்பார்கள்.

“டேய், இருக்கியா? பேசு. உன் மௌனத்துக்கும் நான்தான் காசு குடுக்கறேன்.”

“ஜெனரேட்டர் வேண்டாம்,” என்றார்.

சொல்லிவிட்ட பிறகுதான் கணக்குப் போட்டார். அது மழையே இல்லாத பாகுன் மாதம். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் இருக்கும், ஆனால் மண் சரிந்து வாய்க்காலை அடித்துக்கொண்டு போகும். பாகுனில் வாய்க்கால் பத்திரமாக இருக்கும், தண்ணீர் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் லுங்காட்டு மின்சாரம் இத்தனை காலம் பிழைத்து வந்தது. ஸ்பீக்கருக்கும் அலங்கார விளக்குகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் பாதி ஊர் அணைக்க வேண்டும். பாதி ஊர் அணைக்க வேண்டுமென்றால் முழு ஊரையும் கேட்டாக வேண்டும். பாதிப் பேர் முகத்துக்கு நேரே முடியாது என்பார்கள், அல்லது சரி என்று தலையாட்டிவிட்டு அணைக்காமல் இருப்பார்கள். ஊரைப் பற்றி அவருக்கு நல்ல அனுபவம் இருந்தது.

முதலில் நர்பீர் ரோகாவின் கடைக்குப் போனார். இருப்பதிலேயே கசப்பானதை முதலில் விழுங்கிவிடலாம் என்ற எண்ணம். சோப்பு, நூடுல்ஸ், ரப்பர் செருப்பு எல்லாம் விற்கும் நர்பீர்தான் ஊருக்குள் ஹீட்டர் கொண்டுவந்து விற்பவன் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் கம்பியை மைத்தாலால் இரண்டு தடவை வெட்டியிருந்தார்.

“என்னண்ணே, பிளையரை வீட்லயே மறந்துட்டீங்களா?”

மைத்தாலால் பாட்டிலைக் கல்லாவின்மேல் வைத்தார்.

நர்பீர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்பக்கம் திரும்பி, “ஏய், எல்லாரும் வாங்க. மைத்தாலால் அண்ணன் பாட்டிலோட வந்திருக்காரு. வந்து பாருங்க, அப்பறம் நான் பொய் சொன்னேம்பீங்க,” என்றான். அவன் மனைவியும் மாமியாரும் வந்து நின்று பார்த்தார்கள்.

“கல்யாணம்,” என்றார் மைத்தாலால்.

“தெரியும்.”

“சாயங்காலம் வெளிச்சம் வேணும்.”

“போன மழைக்கு என்னை இருட்டுல உக்கார வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?”

“ரெண்டு ஹீட்டர் ஓடிச்சு.”

“ஒண்ணுதான் ஓடிச்சு. இன்னொண்ணு விக்கறதுக்கு. ஓடுதான்னு பாத்தேன்.”

நர்பீர் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “யோசிக்கறேண்ணே,” என்றான். மைத்தாலால் மனதுக்குள் அவனை ‘இல்லை’ பக்கம் போட்டுக்கொண்டார்.

அடுத்தது கும்சரா. கோழிக்குஞ்சு வளர்க்கிறவள். அவள் வீட்டில் ஒரு பல்பு குஞ்சுகளுக்கு மேலேயே தொங்கும்; அந்தக் கதகதப்பில்தான் அவை குளிர்காலத்தைத் தாண்டும்.

“என் பல்பை அணைச்சா குஞ்சு விறைச்சுடும்ணே.”

“ஆமா.”

“ஆமாங்கறீங்க. அப்பறம் எதுக்குக் கேக்கறீங்க?”

“எல்லார்கிட்டயும் கேக்கறேன். உன்னை மட்டும் விட்டா தப்பா நினைப்ப.”

கும்சரா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதே,” என்றாள். “பினிதாதான் என் குஞ்சுக்கு மருந்துப் பாட்டிலைப் படிச்சுச் சொல்லும். அதுக்காகப் பாக்கறேன். உங்களுக்காக இல்ல.”

அவளையும் ‘இல்லை’யில் போட்டார்.

மீதி வீடுகளிலும் இதே கதைதான். ஒருவர் கதவைத் திறந்ததும் பயந்துபோய் அடுப்பங்கரைக்கு ஓடி எதையோ போர்வையால் மூடினார். ஒருவர் பாட்டிலை முகர்ந்து பார்த்து, தில்சரா காய்ச்சியதா, அவர் காய்ச்சியதா என்று கேட்டுவிட்டுக் குடித்தார். ‘பாக்கலாம்’ என்றார்கள், ‘ஆகட்டும்’ என்றார்கள், ‘உங்களுக்கு இல்ல, பொண்ணுக்கு’ என்றார்கள். வீடு திரும்பும்போது அவருக்குக் கால் மட்டுமல்ல, நாக்கும் வலித்தது. பாதி வரும் என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மதியம் மின்நிலையத்துக்கு இறங்கினார். வாய்க்கால் தலைப்பில் சல்லடையை அடைத்திருந்த இலைகளை வாரிப் போட்டார். குழாயின் வால்வை முழுக்கத் திறந்தார். இருக்கிற தண்ணீர் அத்தனையும் இன்று சக்கரத்துக்கு.

தண்ணீர் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு மின்சாரத்தைச் சக்கரம் செய்தபடியே இருக்கும். ஊர் தின்றது போக மிச்சம் இருந்தால் அதை எங்காவது செலவழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் தறிகெட்டுச் சுற்றும், பல்புகள் வெடிக்கும், கடைசியில் பெரிய சுவிட்ச் தானாக விழுந்து ஊரே இருண்டுவிடும். மிச்சத்தை விழுங்குவதற்காகவே மூலையில் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் அதற்குள் சூடேற்றும் கம்பிகள் மூன்றும் இருந்தன. அதில் இரண்டு எரிந்துபோய் மாதக்கணக்காகிவிட்டது. ஊர்க் கமிட்டியிடம் புதிது கேட்டிருந்தார். கமிட்டிக்காரர்கள், எப்படியும் பெரிய லைன் இங்கேயும் வரப்போகிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். பாகுனில் மிச்சம் ஏது, ஒரு கம்பி போதும் என்று கதவைப் பூட்டிவிட்டு மேலே ஏறினார்.

மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து சேர்ந்தபோது வெயில் எதிர்மலையின் உச்சிக்குப் போய்விட்டிருந்தது. ஸ்பீக்கர்களைச் சுமந்து வந்தவர்கள் முற்றத்தில் இறக்கிவிட்டு அப்படியே மல்லாந்து படுத்தார்கள். ஜஸ்மலி வந்ததும் வராததுமாக மேலே கட்டியிருந்த பல்பு மாலையை அண்ணாந்து பார்த்தாள்.

“கட்டினது நல்லாத்தான் இருக்கு. எரியுமா?”

“எரியும்.”

“நான் டார்ச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். சும்மா சொல்லி வைக்கறேன்.”

முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. உள்ளூர்க்காரர்கள் அது முடிந்துதான் வருவார்கள். அதுவரை தங்கள் வீட்டில், தங்கள் இருட்டில் இருப்பார்கள். இருப்பார்களா என்பதுதான் மைத்தாலாலின் கவலை. முற்றத்தின் விளிம்பில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் மலைச்சரிவு முழுவதும் தெரியும். வீடுகளில் சாயங்கால விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. டிஜே பையன் எதையோ தட்டிப் பார்த்தான். உடனே அத்தனை விளக்கும் சோர்ந்து மஞ்சளாகின.

அப்போது கீழே ஒரு வீடு அணைந்தது. பிறகு அதன் பக்கத்து வீடு. வாய்க்காலை ஒட்டிய வரிசையில் ஐந்தாறு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக. பள்ளிக்கூடத்துப் பக்கம். நர்பீரின் கடை. மைத்தாலால் இமைக்காமல் பார்த்தார். பாதி வந்ததும் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார். நிற்கவில்லை. போன மாதம் கம்பி வெட்டி, அழவைத்துவிட்டு வந்த வீடுகூட அணைந்தது. கடைசியில் கும்சராவின் வீட்டு வெளிச்சம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போயிற்று. சற்று நேரத்தில் அவளே ஒரு பெரிய மூங்கில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். கூடை முழுவதும் கீச்சுக் கீச்சென்றது.

“அடுப்பு எந்தப் பக்கம் மதினி?” என்று தில்சராவைக் கேட்டாள். “இதுங்க இன்னிக்கு உங்க வீட்டு விருந்தாளி.”

மைத்தாலால் இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து உண்டாக்கிய இருட்டு அது.

பின்னால் முற்றத்தில் பாட்டு இடித்தது. பையன்கள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். ஜஸ்மலி பக்கத்தில் வந்து நின்றாள்.

“டேய், எங்க ஊரைவிடப் பளிச்சுனு இருக்குடா. எப்படிடா?”

அவர் சட்டென்று திரும்பினார். பளிச்சென்றுதான் இருந்தது. தேவைக்கு மேல் பளிச்சென்று இருந்தது. பல்புகளின் மஞ்சள் வெளுத்து, வெளுப்பு நீலம் பூசிக்கொண்டிருந்தது. வாசல் மூலையில் ஒரு பல்பு டப்பென்று வெடித்தது. பையன்கள் அதையும் பாட்டோடு சேர்த்துக் கைதட்டினார்கள்.

பாதி ஊர் ஏமாற்றும் என்று போட்ட கணக்கு. ஒருவர்கூட ஏமாற்றவில்லை. மிச்ச மின்சாரம் போகிற இடமில்லாமல் சக்கரத்தை விரட்டிக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் கம்பி எவ்வளவு விழுங்கும். பெரிய சுவிட்ச் விழுந்தால் எல்லாம் போயிற்று. மறுபடி எழுப்ப இந்தச் சரிவில் இறங்கிப் போய்ச் சேர அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் அக்கா டார்ச்சை எடுத்துவிடுவாள்.

இரண்டாவது பல்பு வெடித்தது.

மைத்தாலால் ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு போய் டிஜே பையனின் மைக்கைப் பிடுங்கினார். பாட்டை நிறுத்தச் சொன்னார். வாழ்நாளில் அவர் மைக் பிடித்ததில்லை. ஸ்பீக்கர் முதலில் அவருடைய மூச்சை மட்டும் மலைக்கு அனுப்பியது.

“நான் மைத்தாலால் பேசறேன்,” என்றார். மலை அதைத் திருப்பிச் சொன்னது. “எல்லாரும் அணைச்சுட்டீங்க. அவ்வளவு வேண்டாம். போடுங்க. ஹீட்டர் இருந்தா ஹீட்டரைப் போடுங்க.”

ஊர் அசையவில்லை. கீழேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

“யாரு வீட்டுலயும் ஹீட்டர் இல்லையே அண்ணே.”

“இருக்கு. எனக்குத் தெரியும். போடுங்க.”

“போட்டா வெட்டுவீங்களே.”

“வெட்டமாட்டேன்.”

“பொண்ணு மேல சத்தியமா?”

“அவதான் இங்க உக்காந்திருக்காளே. போடுங்கடா.”

ஊர் போட்டது. ஒன்று இரண்டு அல்ல, கட்டிலுக்கு அடியிலும் சோளக் குதிருக்குப் பின்னாலும் பதுங்கியிருந்த அத்தனை ஹீட்டரும் ஒரே மூச்சில் வெளியே வந்திருக்க வேண்டும். முற்றத்து விளக்குகள் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இறங்கி, செக்கச் சிவந்த புழுக்களாகின. மைக் செத்துப்போனது. இருட்டில் ஜஸ்மலியின் டார்ச் எரிந்தது.

“டேய் மைத்தா,” என்று அவள் ஆரம்பித்தாள்.

அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும், நம்முடையதுதான் அதிகமாகிவிட்டது போல என்று பயந்து எல்லாரும் அணைத்துவிட்டார்கள். விளக்குகள் மறுபடி கண்ணைக் குத்தின. ஐயோ, அதிகம் என்று பாதிப் பேர் மறுபடி போட்டார்கள். மறுபடி சிவப்பு. ஊரே ஒரு ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆடுவதுபோல் இருந்தது. ஒவ்வொருவரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஆட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இது லுங்காட்டின் விசேஷ அலங்காரம் என்று நினைத்து விசிலடித்தார்கள்.

அடுத்த தடவை வெளிச்சம் வந்தபோது மைக் நர்பீர் கையில் இருந்தது. எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

“எல்லாரும் கையை எடுங்க,” என்றான். “ஒண்ணையும் தொடாதீங்க. நான் பேரு சொல்றவங்க மட்டும் போடுங்க. யாருகிட்ட எது இருக்குன்னு எனக்குத் தெரியும். நான்தான வித்தேன்.” மைத்தாலால் பக்கம் திரும்பினான். “எவ்வளவு வேணும்ணே?”

“ரெண்டாயிரம் வாட். கிட்டத்தட்ட.”

“சரி. கும்சரா அக்கா, நீங்க குஞ்சைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போய் பல்பைப் போடுங்க, பாவம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி வீடு, உங்க இஸ்திரிப் பெட்டி. சுத்தி வளைச்சுப் பேசவேண்டாம், அந்தச் செகப்புதான். அடுத்தது கார்பரி மாமா வீட்டு ரைஸ் குக்கர். சின்னது இல்ல மாமா, பெருசு.”

பெயர் பெயராக மலையில் எதிரொலித்தது. ஒவ்வொரு பெயருக்கும் எங்கேயோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. வெளிச்சத்தின் நீலம் குறைந்துகொண்டே வந்தது. பையன் மெதுவாகப் பாட்டை ஏற்றினான். வெளிச்சம் எகிறும்போதெல்லாம் நர்பீர் ஒரு வீட்டைக் கூப்பிடுவதும் இறங்கும்போது ஒரு வீட்டை அடக்குவதுமாக இருக்க, மேளக்காரர்களே நின்று அவனைப் பார்த்தார்கள். ஜஸ்மலி டார்ச்சை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எங்க ஊர்ல கரண்ட் போனா ஆபீசுக்குப் போன் பண்ணுவோம்,” என்றாள். “எவனும் எடுக்கமாட்டான்.”

அவள் அதைப் பாராட்டாகச் சொன்னாளா என்று மைத்தாலாலுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பெண்ணின் கால் கழுவும் சடங்குக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

பினிதாவும் லால்மனும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பினிதா தலையைக் குனிந்துகொண்டிருந்தாலும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இனிமே யாரு கம்பியை எப்படி வெட்டுவீங்க?” என்று வாயசைத்தாள்.

அவர் செம்புத் தாம்பாளத்தின் முன் மண்டியிட்டார். தில்சரா தண்ணீர் ஊற்ற, மகளின் கால்களைக் கையில் ஏந்திக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தியதால், வெளியே நர்பீர் பேசியது ஒரு சொல் விடாமல் உள்ளே கேட்டது.

“இன்னும் ஒரு ஆயிரம் போதும், எல்லாம் சமமாயிடும். யாரைக் கூப்பிடலாம். ஆங். மைத்தாலால் அண்ணன் வீடு. சமையக்கட்டுல, மாவு டப்பாவுக்குப் பின்னாடி, துணி சுத்தி வச்சிருக்கிற தண்ணி ஹீட்டர். தில்சரா மதினி, அதைக் கொஞ்சம் போட்டுடுங்க.”

தண்ணீர் ஊற்றுவது நின்றது. மலை முழுவதும் இருட்டுக்குள்ளிருந்து சிரித்தது; கீழ் வரிசை வீடுகள், மேல் வரிசை வீடுகள், வாய்க்கால் பக்கம் என்று அது சுற்றி வந்தது. ஜஸ்மலி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

மைத்தாலால் மனைவியை அண்ணாந்து பார்த்தார். அவர் ஹீட்டரைப் பார்ப்பதுபோல், பிறகு வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல். தில்சரா செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப போடுவ?” என்று கேட்டார்.

“நீங்க ஓடைக்கரைக்குப் போன பின்னாடி. காலங்கார்த்தால. பல்லு கிட்டிக்குது, என்ன பண்ணச் சொல்றீங்க.”

மகளின் பாதத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். மேலே பல்பு கொஞ்சம் அதிகமாகவே வெளுத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“போய்ப் போடு,” என்றார். “அப்படியே எல்லாருக்கும் டீயும் வச்சுடு.”